பட்டர் இல்லாத பெனடிக்ட்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை நான் குசினிக்குள் கால் வைக்கக்கூடாது. முப்பத்தொரு வருடமாக நடந்துவந்த சட்டம் இது. போட்டது நானல்ல, என் மாமனார்.

நான் களுவாஞ்சிக்குடிப் பெண். கல்யாணம் கட்டியது மட்டக்களப்பு நகரத்து, போர்த்துக்கேய வழிவந்த பறங்கிக் குடும்பத்துத் தச்சர் ஒருவரை. எங்கள் வீட்டார் ஆறு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேசத் தொடங்கினார்கள், இன்றுவரை நிறுத்தவில்லை. கல்யாணமாகி வந்த முதல் ஞாயிறு, எல்லோரும் மாதா கோயில் பூசை முடிந்து திரும்பியதும் நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குசினிப் பக்கம் போனேன். மாமனார் வாசலில் குறுக்கே நின்றார்.

"நீங்க இரிங்க மருமகள். ஞாயித்துக்கிழம முட்டை எங்கட கைவேலை. மருமகமார் இருந்து சாப்பிடுறதுதான் இந்த வீட்டு வழக்கம்."

மரியாதை செய்கிறார்களா, வெளியே நிறுத்துகிறார்களா என்று எனக்கு விளங்கவில்லை. பசித்தது, இருந்தேன்.

மாமனார் ஒரு காலத்தில் ஓய்வு விடுதியொன்றில் சமையற்காரராக இருந்தவர். தோட்டத்துத் துரைமார் லீவுக்கு வந்து தங்கும் இடம். அவர்கள் காலைச் சாப்பாட்டையும் பகல் சாப்பாட்டையும் ஒன்றாக்கிப் பத்து மணிக்குமேல் சாப்பிடுகிறவர்கள். அங்கே பழகிய பதார்த்தம்தான் இந்தப் பெனடிக்ட் முட்டை. வாட்டிய பாண் துண்டு, அதன்மேல் பன்றி இறைச்சித் துண்டு, அதன்மேல் கொதிநீரில் உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மஞ்சள் குழம்பு. அந்தக் குழம்பு முழுக்க முழுக்க மஞ்சட்கருவும் உருக்கிய பட்டரும், எலுமிச்சைச் சாறான தேசிப்புளியும்தான். நாலு பேருக்கு ஒரு கட்டிப் பட்டர் போகும். கத்தியால் முட்டையைக் கீறினால் மஞ்சள் வழிந்து பட்டரோடு கலந்து தட்டு நிறையும். முதல் வாய் வைத்ததுமே நான் மாமனாரை மன்னித்துவிட்டேன்.

மாமனார் போனபிறகு அந்த வேலை என் கணவரின் கைக்கு வந்தது. அவருடைய அக்கா, எனக்கு மச்சாள், தாய்க்குத் தாயாக எல்லாரையும் அதட்டி வளர்த்த மூத்தவர், மெல்பேர்ணில் குடியேறிவிட்டார். அங்கேயும் ஞாயிறு தவறாமல் அதையே செய்வார். இங்கே எங்கள் தட்டு, அங்கே அவர் தட்டு, நடுவில் கைபேசி. இரண்டு தட்டையும் கமராவுக்குக் காட்டி, யாருடைய குழம்பு கூட மினுங்குகிறது என்று அக்காவும் தம்பியும் சண்டை பிடிப்பார்கள்.

இதில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லியாக வேண்டும். நான் குடும்ப நல உத்தியோகத்தராக, ஊராருக்கு மிட்வைஃப் மிஸ்ஸாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாங்கேணியிலிருந்து வந்தாறுமூலை வரைக்கும் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய், எண்ணெயைக் குறை, உப்பைக் குறை, தேங்காய்ப்பாலைக் குறை என்று ஊரையே அதட்டியவள். என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் பொரித்த வடையை மூடிவைத்த வீடுகள் உண்டு. அந்த நான்தான் ஞாயிறு தோறும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கட்டிப் பட்டரில் பங்கு வாங்கினேன். வாரத்துக்கு ஒரு நாள்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். அதே சமாதானத்தை வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் கிழித்திருப்பேன்.

போன வருடம் மாசி மாதத்தில் ஒருநாள் பின்வளவுத் தச்சுக் கொட்டிலில் கதவு ஒன்றுக்குச் சீவுளி போட்டுக்கொண்டிருந்த என் கணவர், நெஞ்சைத் தடவியபடி உள்ளே வந்து, "வாயுபோல கிடக்கு புள்ள, கொஞ்சம் இஞ்சித் தண்ணி தா" என்றார். நெற்றியில் இருந்த வேர்வையைப் பார்த்தேன். அது சீவுளி போட்ட வேர்வை இல்லை. இஞ்சியைத் தேடாமல் ஓட்டோவைத் தேடினேன். பெரியாஸ்பத்திரியில் நேரத்துக்குப் பார்த்து, அடைத்திருந்த இதயக் குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்து, பத்து நாளில் ஆளைத் திருப்பித் தந்தார்கள். கூடவே ஒரு தாளும் தந்தார்கள். பட்டர், பன்றி இறைச்சி, தேங்காய்ப்பால், பொரியல், உப்பு, எல்லாவற்றுக்கும் குறுக்கே கோடு. நான் ஊரெல்லாம் கொடுத்துத் திரிந்த தாளேதான். இப்போது என் கையில் கிடந்தது.

ஆள் வந்தார், ஆனால் முழுதாக வரவில்லை. மாத்திரையை நேரத்துக்குப் போடுவார். சொன்னபடி காலையில் வாவிக் கரையில் நடப்பார். சாப்பாட்டில்தான் பிரச்சினை. ஓட்ஸ் கஞ்சியை வைத்தால் இரண்டு கரண்டி. அவித்த மரக்கறியை வைத்தால் ஒதுக்கி ஒதுக்கிக் கோலம் போடுவார். வந்த முதல் ஞாயிறு பூசை முடிந்து திரும்பியதும் நேரே கொட்டிலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குசினிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கஞ்சியைக் கொண்டுபோய் வைத்தேன். கோப்பையைப் பார்த்துச் சொன்னார்:

"இப்பிடி இருந்து என்னத்துக்கு?"

என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால் ஏசியிருப்பேன். கஞ்சியைப் பார்த்துச் சொன்னதால் எனக்குப் பயம் வந்தது. எத்தனையோ நோயாளிகளைப் பார்த்தவள் நான். கத்துகிறவர்கள் தேறிவிடுவார்கள். இப்படி மெல்லமாகச் சொல்கிறவர்கள்தான் கையை விட்டுப் போவார்கள்.

இரண்டு மாதத்தில் பெல்ட்டில் தானே குத்தூசியால் மூன்று புது ஓட்டை போட்டுக்கொண்டார். கிளினிக்கில் டொக்டர் நிறுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "மருந்து வேலை செய்யுது, அம்மா. ஆனா ஆள் சாப்பிடுறார் இல்ல. இப்பிடியே மெலிஞ்சா அடுத்த தரம் ஒண்டு வந்தா தாங்கமாட்டார்" என்றார்.  வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஓட்டோவுக்குள் அடுத்த தரம் என்ற சொல் காதுக்குள்ளேயே நின்றது.

மெல்பேர்ண் மச்சாள் மட்டும் ஞாயிறு தவறவில்லை. கைபேசியில் தட்டு வரும். பளபளவென்று குழம்பு, ஓரத்தில் வழியும் மஞ்சள். இவர் சிரிக்கப் பார்ப்பார், முடியாது.

"பாவம் என்ட தம்பி. எங்கட அப்பா விட்டுட்டுப் போனது இது ஒண்டுதான். அதையும் பிடுங்கிப் போட்டாங்க" என்று அந்தப் பக்கம் குரல் வரும். பிடுங்கினது டொக்டர் என்றாலும் கண் என் பக்கம்தான் திரும்பும்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "மச்சாள், பட்டர் இல்லாம அதச் செய்ய ஏலாதா?"

"என்னகா கதைக்கிற? பட்டர் இல்லாட்டி அது பெனடிக்ட் இல்ல. அது ஆஸ்பத்திரிச் சாப்பாடு. வெளியால இருந்து வந்தவங்களுக்கு அது விளங்காது."

முப்பத்தொரு வருடம் கழித்து நான் இன்னும் வெளியாள்! எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் கழுவுவேன். அன்றைக்குக் கழுவியிருந்த பாத்திரங்களையும் எடுத்து மறுபடி கழுவினேன். கடைசிச் சட்டியைக் கவிழ்க்கும்போது முடிவெடுத்துவிட்டேன். அந்த முட்டையை நான் செய்வேன். இந்த மனிதன் சாப்பிடுகிற மாதிரிச் செய்வேன். சட்டம் கிடக்கட்டும்.

சொல்வது சுலபம். மஞ்சட்கருவை எறிந்துவிட்டு வெள்ளையை மட்டும் வேகவைத்துக் கொடுத்ததுதான் என் முதல் யோசனை. அவர் முள்ளுக்கரண்டியால் அதைத் தட்டிப் பார்த்தார். அது எம்பியது. "புள்ள, இதச் செருப்புக்கு அடியில ஒட்டலாம்" என்றார். ஒரு விதத்தில் சந்தோஷப்பட்டேன், இரண்டு மாதத்துக்குப் பிறகு பகிடி விட்டாரே. ஆனால் சாப்பிடவில்லை.

டொக்டரிடம் சண்டை பிடிக்காத குறையாகக் கேட்டேன். வாரத்தில் ஒரு நாள் ஒரு முழு முட்டை சாப்பிடட்டும், குழம்புக்கு ஒரு மஞ்சட்கருவும் சேரலாம், முட்டையில் பிழையில்லை, கூடப் போகிற சாமான்தான் பிழை என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். பாணுக்குப் பதில் முருங்கையிலை போட்ட மெல்லிய குரக்கன் ரொட்டி, கேழ்வரகு மாவில் சுட்டது. துருவிய தேங்காய்ப்பூ பேருக்கு ஒரு கிள்ளு. பன்றி இறைச்சிக்குப் பதில் வாவியில் பிடித்த கொடுவா மீன், மிளகும் தேசிப்புளியும் தடவி எண்ணெயில்லாமல் வாட்டியது. இவ்வளவும் சுலபம். மாட்டிக்கொண்டது அந்த மஞ்சள் குழம்பில்தான். பட்டரே குழம்பு, குழம்பே பட்டர். அதை எடுத்தால் மிச்சம் ஒன்றுமில்லை.

வழி காட்டியது தயிர்ச் சட்டி. வாவிக்கு அக்கரையில் உள்ள படுவான்கரையிலிருந்து எருமைத் தயிர் கொண்டுவருகிறவர் புதன்கிழமைகளில் எங்கள் தெருவால் போவார். சட்டியைக் கவிழ்த்துப் பிடித்தாலும் விழாத தயிர். அன்றைக்கு எனக்கென்று ஒரு கரண்டி அள்ளும்போது அது மடிந்து விழுந்த விதத்தைப் பார்த்தேன். கரண்டியிலிருந்து வழியும் பெனடிக்ட் குழம்பும் இப்படித்தான் மடியும். எருமைத் தயிரிலும் கொழுப்பு உண்டு, அது எனக்குத் தெரியாததல்ல. மேலே படர்ந்த ஆடையை வழித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, கீழே இருந்ததை மெல்லிய துணியில் முடிந்து தொங்கவிட்டேன். தண்ணீர் எல்லாம் இறங்கிக் கெட்டியாக வந்தது. ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். ஒரு கட்டிப் பட்டரோடு பார்த்தால் அது எந்த மூலைக்கு!

அவர் நடக்கப் போகிற அந்த ஒரு மணித்தியாலம்தான் எனக்குப் பரீட்சை நேரம். வாசல் படலை சாத்துகிற சத்தம் கேட்டதும் அடுப்பைப் பற்றவைப்பேன். முதல்நாள் தயிரையும் மஞ்சட்கருவையும் கலந்து நேரே அடுப்பில் வைத்தேன். ஒரு நிமிடத்தில் திரைந்து, ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் மணல். இரண்டாம் நாளும் மணல். மூன்றாம் நாள் தீயைக் குறைத்தேன், மணல் கொஞ்சம் பொடியாக வந்தது. முட்டையும் என்னோடு ஒத்துழைக்கவில்லை. கொதிநீரில் உடைத்து ஊற்றினால் வெள்ளை நூல் நூலாகப் பிரிந்து சட்டி முழுக்க ஓடியது. ஊர்க்கோழி முட்டை விற்கிறவள், "மிஸ், வீட்டில கல்யாணமா?" என்று கேட்கிற அளவுக்கு முட்டை வாங்கினேன்.

நாலாம் நாள் திரைந்த சட்டியை முறைத்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அட, இது என்ன பெரிய துரைமார் வித்தை? எங்கள் பக்கத்துப் பாலாணம்தானே இது! தேங்காய்ப்பாலில் மஞ்சள் போட்டுக் காய்ச்சுகிற ஆணத்தை நான் எத்தனை ஆயிரம் தரம் வைத்திருப்பேன்? ஒரு தரமாவது திரையவிட்டேனா? கொதிக்க விடக்கூடாது. அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே நிற்க வேண்டும். புளியை இறக்கின பிறகுதான் பிழிய வேண்டும். வெள்ளைக்காரப் பெயரைக் கேட்டதும் கை தெரிந்த வேலையை மறந்துவிட்டது.

ஞாயிறு வந்தது. அவர் பூசையால் வந்து கொட்டிலுக்குள் போனார். நான் குசினிக்குள் போனேன். சுடுநீர்ச் சட்டிக்குமேல் கோப்பையை வைத்து, மஞ்சட்கருவும் தயிரும் ஒரு துளி கடுகு விழுதும் மஞ்சளும் போட்டு, அள்ளி அள்ளி ஊற்றினேன். திரையவில்லை. மெல்ல மெல்லத் தடித்து, மினுங்கி, சில்க் துணி போல வந்தது. இறக்கித் தேசிப்புளி விட்டேன். கொஞ்சம் தடிப்பு அதிகமாகப் பட்டது, இளக்கினேன். முட்டையும் அன்றைக்கு இரக்கப்பட்டு ஒன்றாகவே வெந்தது. ரொட்டி, மீன், முட்டை, குழம்பு. தட்டைக் கொட்டிலுக்குக் கொண்டுபோய் மரவேலை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் ஒரு வாய் வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இன்னொரு வாய்.  ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு வெறும் தட்டு!

"யாருகா செஞ்ச?" என்றார், என்னைத் தவிர வேறு யாருமில்லாத வீட்டில்.

"நான்தான்."

"ஓம், சும்மா சொல்லப்படா. நல்லா இரிக்கு. அப்பாடது மாதிரி இல்ல. ஆனா நல்லா இரிக்கு."

குசினிக்குத் திரும்பும்போது என் கால் தரையில் படவில்லை. மெல்பேர்ணுக்கு உடனே கைபேசியில் கோல் எடுக்கலாமா என்றுகூட நினைத்தேன். எனக்கென்று பூசணிக்காய்க் கறி ஒன்று வைக்க வேண்டியிருந்தது. அதற்காகக் காலையில் அரைத் தேங்காய் திருவி, கெட்டியான முதற்பாலைத் தனியாக ஒரு சின்னக் கப்பில் பிழிந்து வைத்திருந்தேன். கறி கொதித்ததும் கப்பை எடுக்கக் கையை நீட்டினேன். கப் வெறுமையாக இருந்தது.

அப்படியே நின்றேன். குழம்பு தடிப்பாக இருந்ததென்று இளக்கினேன் அல்லவா? எதை விட்டு இளக்கினேன்? எங்கள் ஊரில் ஆணம் வைக்கிறவள் கடைசியில் முதற்பாலை விட்டு இறக்குவாள். மூளை யோசிக்காது, கை போய் எடுக்கும். பட்டரைத் துரத்தித் துரத்தி அடித்துவிட்டு, அதே தாளில் இரண்டு வரி கீழே கோடு போட்டிருந்த முதற்பாலை ஒரு கப் முழுதாக ஊற்றி, இதய நோயாளிக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, கையைக் கட்டிக்கொண்டும் நின்றிருக்கிறேன். ஊரெல்லாம் தேங்காய்ப்பாலைக் குறை என்று கத்தித் திரிந்த மிட்வைஃப் மிஸ்!

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன், பொய் சொல்லமாட்டேன். அவர் சாப்பிட்டுவிட்டார், முகம் மலர்ந்துவிட்டது, அதைக் கெடுப்பானேன்? ஆனால் அடுத்த ஞாயிறும் இதையே கேட்பார். அதற்கடுத்த ஞாயிறும் கேட்பார். அந்த வழியில் போனால் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். கப்பைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன்.

"இஞ்ச பாருங்க. நீங்க சாப்பிட்டதுல முதற்பால் கிடக்கு. ஒரு கப். கை தவறி ஊத்திப் போட்டன்."

அவர் கப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தோள் முதலில் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து கிட்டப் போனேன். சிரிக்கிறார்! வாங்குப் பலகையில் சாய்ந்து, கண்ணில் நீர் வழிய, மூச்சு முட்டச் சிரிக்கிறார். "மிட்வைஃப் மிஸ், மிட்வைஃப் மிஸ்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தபோது எனக்கு ஒரு பக்கம் பயம். மறுபக்கம் ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து கேட்காத சத்தம் அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது. "சிரிங்க, சிரிங்க, நல்லாச் சிரிங்க" என்று ஏசிக்கொண்டே அழுதேன்.

அடுத்த ஞாயிறு பூசையால் வந்தவர் கொட்டிலுக்குப் போகவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு குசினிக்குள் வந்தார். நான் அடுப்படியில் நின்றேன். போகச் சொல்வாரோ என்று பார்த்தேன்.

"தேங்காய எங்க வச்சிரிக்க?"

"வீட்டில தேங்காயே இல்ல. நேத்தே முழுசையும் குடுத்திட்டன்."

"அப்ப சரி. தள்ளு, முட்டைய நான் பாக்கன். நீ ஆணத்தப் பாரு."

அவர் கொதிநீரைக் கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றி, சுழலுக்கு நடுவில் முட்டையை இறக்கினார். வெள்ளை தானாகவே மஞ்சளைச் சுற்றி மூடிக்கொண்டது. இவ்வளவு நாளும் நான் கண்டிராத வித்தை. என் பக்கம் குழம்பு தடித்தபோது, இளக்குவதற்கு முட்டை வெந்த சுடுநீரில் இரண்டு கரண்டி அள்ளி அவரே ஊற்றினார். குழம்பு பதமாக இறங்கியது. மேசையில் இரண்டு தட்டு வைத்தோம். இரண்டு தட்டும் வெறுமையாகின.

அதற்குப் பிறகு ஞாயிறுக்கு ஞாயிறு அந்தக் குழம்பை ஏதாவது செய்துகொண்டே இருந்தார். கடுகைக் கூட்டுவார், மிளகை இடித்துப் போடுவார், கறிவேப்பிலையை வாட்டி நொறுக்கித் தூவுவார். கறிவேப்பிலை போட்டது வெள்ளைக்காரனுக்கே தெரியாத யோசனை என்று தெருவெல்லாம் பெருமை அடித்தார். ஞாயிறு நன்றாகப் போகப் போக, திங்கட்கிழமை மரக்கறியும் உள்ளே இறங்கியது. உடம்பு கொஞ்சம் தேறி, பெல்ட்டில் ஒரு ஓட்டை பின்னுக்குப் போனார். கிளினிக்கில் இரத்த அறிக்கையைப் பார்த்த டொக்டர் மறுபடி ஒருதரம் பெயரைப் பார்த்து, இவருடையதுதானா என்று உறுதிப்படுத்திக்கொண்டார். "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டதுதான் தாமதம், இவர் துணியில் தயிர் முடிகிற இடத்திலிருந்து ஆரம்பித்துவிட்டார். வெளியே வரிசையில் இருந்தவர்கள் இருமத் தொடங்கிய பிறகுதான் நிறுத்தினார்.

கைபேசியில் மச்சாளுக்கு மட்டும் நாங்கள் எதையும் காட்டவில்லை. நேரில் சாப்பிடட்டும் என்று இவர் சொல்லிவிட்டார். ஐப்பசியில் மச்சாள் வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்ததும் மேலேயே, உடுப்புக்குள் சுற்றிப் பனிப்பையோடு, மூன்று கட்டி அவுஸ்திரேலியப் பட்டர்.

"தம்பிக்கு ஒரு நாளைக்காவது வாய்க்கு ருசியாக் குடுக்கோணும்" என்றார், என்னைப் பார்க்காமல். நான் வாங்கிக் குளிர்பெட்டியில் மேல்தட்டில் வைத்தேன். எனக்குள் இருந்த குதூகலத்தை அடக்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

ஞாயிறு, பூசை முடிந்தது. "அக்கா, நீ இரி, நாங்க கொண்டு வாறம்" என்றார் இவர். நாங்கள் என்ற சொல்லுக்கு மச்சாளின் புருவம் ஏறியதைக் கண்டேன். உள்ளே அவர் முட்டையைப் பார்த்தார், நான் ஆணத்தைப் பார்த்தேன்.

தட்டை வைத்தோம். மச்சாள் ரொட்டியின் நிறத்தைப் பார்த்தார், மீனைக் கிளறிப் பார்த்தார், மூக்கைச் சுருக்கினார். கத்தியால் முட்டையைக் கீறினார். மஞ்சள் வழிந்து குழம்போடு கலந்து தட்டு நிறைந்தது. அந்த இடத்தில் கொஞ்சம் தாமதித்தார். பிறகு சாப்பிடத் தொடங்கினார். இவர் கதிரை நுனியில் இருந்துகொண்டு அக்காவின் வாயையே பார்த்தார். கடைசித் துண்டு ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்ட பிறகுதான் மச்சாள் நிமிர்ந்தார்.

"நான் கொண்டு வந்த பட்டரையா போட்டீங்க?"

"பட்டரே இல்ல அக்கா. எருமைத் தயிர். மேல கிடந்த ஆடையும் இல்ல. முதற்பாலும் இல்ல" என்று சொல்லிவிட்டு இவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மச்சாள் நம்பவில்லை. எழும்பிப் போய்க் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தார். மூன்று கட்டியும் சுற்றின தாள் பிரிக்காமல் இருந்தன. திரும்பி வந்து கதிரையில் இருந்தார். ஏதோ ஏசப்போகிறார் என்று நான் ஆயத்தமானேன், பதிலும் தயாராக இருந்தது. அவர் கைப்பையைத் திறந்து மாத்திரைப் பெட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு மாத்திரையின் பெயர் இவருடையதேதான். மற்றதும் இதயத்துக்குக் கொடுப்பதுதான்.

"எனக்கு வச்சு ரெண்டு வருஷம். ரெண்டு ஸ்டென்ட்" என்றார் மச்சாள்.

இவர் பெட்டியை எடுத்து ஒவ்வொரு மாத்திரையாகப் புரட்டிப் பார்த்தார்.

"ஒருத்தருக்கும் சொல்லல்ல. உனக்கும் வந்த பிறகு சொல்ல ஏலாமப் போச்சு. நானும் விட்டுட்டன் எண்டு தெரிஞ்சா நீ உடைஞ்சு போவாய் எண்டு நினைச்சன். ஒவ்வொரு ஞாயிறும் உனக்குக் காட்டினதுல ஒரு வாய் நான் சாப்பிடல்ல தம்பி. காட்டிப் போட்டு அடுத்த வீட்டுக்குக் குடுத்துடுவன். பிறகு இருந்து தனியாக் கஞ்சி குடிப்பன்."

அத்தனை ஞாயிறு அந்தப் பளபளப்பைப் பார்த்து நான் பல்லைக் கடித்தது ஞாபகம் வந்தது. அந்தப் பக்கம் அந்த மனுஷியும் பசியோடுதான் இருந்திருக்கிறார். கைபேசியை வைத்ததும் இரண்டு வீட்டிலும் ஒரே கஞ்சி. தயாராக வைத்திருந்த பதில் எல்லாம் எனக்கு மறந்துபோனது. எழும்பிப் போய் அவர் பக்கத்தில் இருந்தேன்.

மச்சாள் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார், என்னிடம் முப்பத்தொரு வருடத்தில் கேட்ட முதலாவது விஷயம்: "புள்ள, எனக்கும் இதச் செய்யக் காட்டித் தருவியா?"

கொஞ்சம் காக்கவைக்கலாம் என்று எண்ணமிருந்தது. முடியவில்லை. "இப்பவே வாங்க மச்சாள். தயிர் இன்னும் கிடக்கு."

"முதல்ல இன்னொண்டு தா. ரெண்டு வருஷப் பசி" என்றார். ஞாயிறுக்கு ஒரு முட்டைதான் என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். முழு முட்டை இல்லாமல் மிச்சக் குழம்பும் மீனும் ரொட்டியும் மட்டும் வைத்துக் கொண்டுவந்தேன். இவர் தன் தட்டையும் நீட்டினார். இரண்டு பேரும் தோளோடு தோள் முட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் மாதிரிக் குழம்பை வழித்துச் சாப்பிட்டார்கள்.

"தம்பி, இனி நாம ரெண்டு பேரும் கிழண்டு போய்த்தான் சாகோணும். வேற வழி இல்ல" என்றார் மச்சாள்.

இவருக்கு வாய் நிறைய ரொட்டி. தலையை மட்டும் ஆட்டினார்.